முதுசமும் தேடியதேட்டமும்: மத்தேயுவின் முதற்பக்கம் பற்றி

புதிய ஏற்பாட்டை முதன்முதலாகத் திறக்கிற வாசகர் முதற்பக்கத்திலேயே களைத்துப்போகிறார். மத்தேயுவின் சுவிசேஷம் கதையோடு தொடங்குவதில்லை, போதனையோடும் தொடங்குவதில்லை. ஆபிரகாமில் தொடங்கி யோசேப்பு வரை நாற்பது ஆண்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. தேவாலயத்தில் இந்தப் பகுதி வரும் நாட்களில் வாசிப்பவர் வேகத்தைக் கூட்டுவதையும் கேட்பவர்கள் கைபேசியைத் தேடுவதையும் பார்த்திருக்கிறேன். வேதாகமத்தை இலக்கியமாக வாசிக்கிறவர்களும் யோபு, சங்கீதம், உன்னதப்பாட்டு என்று போவார்களே தவிர இந்தப் பக்கத்தில் நிற்பதில்லை.

யாழ்ப்பாணத் தமிழர் இந்தப் பக்கத்தில் களைத்துப்போக நியாயமில்லை. இந்த வடிவம் எங்களுக்கு நன்கு பழகியது. காலைத் தேநீரோடு மரண அறிவித்தல் படிக்கிற சமூகம் நாங்கள். பிறந்த ஊர், வதிந்த ஊர், காலஞ்சென்ற பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், மருமக்கள், மைத்துனர், பேரர், பூட்டர் என்று ஒரே மூச்சில் ஓடும் வாக்கியத்தை இடறாமல் வாசிப்போம். நடுவில் ஒரு பெயரைப் பிடித்து, “இவ எங்கட கொழும்பு மாமிக்குச் சொந்தமெல்லோ” என்று கண்டும்பிடிப்போம். அந்தியேட்டி நாளில் கையில் தரப்படும் கல்வெட்டு இன்னும் விரிவானது. திதி வெண்பா, தேவாரம், மக்கள் புலம்பல், வம்ச வரலாறு, கடைசிப் பக்கத்தில் கிளை விரித்த வம்ச விருட்சம். கிறிஸ்தவக் குடும்பங்களில் தேவாரத்தின் இடத்தில் ஞானப்பாட்டு வரும், விருட்சம் மாறாது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்கள் ஏராளம் உண்டு. எங்கள் சமூகத்தில் மிக அதிகம் அச்சாகி மிகக் குறைவாக விமர்சிக்கப்பட்ட இலக்கியம் இதுவென்பேன்.

ஒரு வம்ச வரலாற்றை விமர்சிப்பதற்கு முதற்கேள்வி, அதில் யார் இருக்கிறார்கள் என்பதல்ல. எந்தக் குடும்பமும் விட்டுவிட விரும்புகிற பெயரை இந்த எழுத்து என்ன செய்கிறது என்பதே. இந்தக் கேள்வியோடு மத்தேயுவின் பக்கத்தையும் எங்கள் கல்வெட்டுகளையும் அருகருகே வைத்து வாசித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் கட்டுமானம். மத்தேயு தன் பட்டியலை மூன்று தொகுதியாக, தொகுதிக்குப் பதினான்கு தலைமுறையாக அமைக்கிறார். எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. தாவீது என்ற பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் 14 வரும். இந்த ஒழுங்குக்காக அவர் கணக்கை இழுத்துப் பிடித்திருக்கிறார். யோராமுக்கும் உசியாவுக்கும் இடையில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று அரசர்கள் காணாமற்போகிறார்கள். மூன்றாம் தொகுதியை எண்ணினால், முந்திய தொகுதியின் கடைசிப் பெயரை மறுபடி சேர்த்தாலொழியப் பதினான்கு வராது. லூக்காவின் பட்டியலோ வேறு வழியில் போகிறது. தாவீதுக்குப் பிறகு சாலொமோனை விட்டு நாத்தானின் வழியாக இறங்கி, யோசேப்பின் தகப்பனாக வேறொரு பெயரையே சொல்கிறது. ஆகவே இது பிறப்புப் பதிவேடு அன்று. ஒருவர் உட்கார்ந்து தெரிவுசெய்து, சேர்த்து, விட்டு எழுதிய ஆக்கம். விட்டவற்றில் அரசர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைப்போம். மூன்று அரசரை விட்ட அதே பேனா யாருக்கு இடம் கொடுத்தது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

கிரேக்க மூலத்தில் ஒரே வினைச்சொல் 39 தடவை திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ்ப் புரட்டஸ்தாந்தர் கையில் இன்றும் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு அதைப் ‘பெற்றான்’ என்கிறது. தமிழ்க் காதுக்கு இது கொஞ்சம் விசித்திரமான சொல். பெற்றவள் என்றால் தாய். தந்தையையும் சேர்த்துப் பெற்றோர் என்போம். ஆனால் ஒரு ஆண் பிள்ளை பெற்றான் என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இந்த வினையை விட்டு ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்ற அமைப்புக்குப் போனது. வாசிக்க இலகுவாக இருக்கிறது. ஆனால் ஒன்று இழக்கப்பட்டுவிட்டது. 39 தடவை ஆண்களே ‘பெற்று’ வந்த பட்டியல், கடைசிக் கண்ணியில் திடீரென்று வினையை மாற்றுகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று மத்தேயு எழுதவில்லை. மரியாளிடத்தில் அவர் பிறந்தார் என்று எழுதுகிறார். நாற்பதாவது ஆணிடம் வந்ததும் ஆண்வழி அறுந்துபோகிறது. பழைய தமிழில் வாசிப்பவருக்கு இந்த அறுப்பு காதிலேயே கேட்கும்.

இந்தத் தமிழுக்குள் எங்கள் ஊர்க் கைகளும் உண்டு. 1714இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் சுவிசேஷங்கள் அச்சேறிய பிறகு பல திருத்தங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று பேர்சிவல் பாதிரியாரின் தலைமையில் யாழ்ப்பாணத்தில் உருவாகி 1850இல் வெளிவந்தது. அதில் தமிழ்ப் பண்டிதராக உழைத்தவர் ஆறுமுக நாவலர். பின்னாளில் மிசனரிமாருக்கு எதிராகச் சைவத்தின் குரலாக எழுந்தவர், இளவயதில் வேதாகமத் தமிழோடு மல்லுக்கட்டியவர். யாழ்ப்பாணத்து நம்பிக்கையின் வரலாறே இப்படி வளைந்து வளைந்துதான் போகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பட்டியலில் இருக்கிற பெண்கள். சாராள், ரெபெக்காள், லேயாள் போன்ற பெரிய தாய்மார் பெயர் மத்தேயுவில் இல்லை. இருப்பவர்கள் தாமார், ராகாப், ரூத், பெயர் சொல்லப்படாத ‘உரியாவின் மனைவி’. பிரசங்கங்களில் இவர்களுக்கு வழக்கமாக ஒரு விளக்கம் தரப்படும்: பாவிகளையும் கடவுள் பயன்படுத்துகிறார். இந்த விளக்கம் அந்தப் பக்கத்தைச் சரியாக வாசிக்காததன் விளைவு என்று நினைக்கிறேன். ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்தில் தாமார் தன்னைவிட நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொள்வது யூதாவே. கதை குற்றம் காண்பது மாமனாரில். ராகாப் எரிகோ மதிலோரத்தில் வேற்றாருக்கு ஒளிப்பிடம் கொடுத்தவள். அவள் சல்மோனை மணந்தாள் என்ற செய்தி பழைய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. மத்தேயு அவளைத் தேடிப்போய்ச் சேர்த்திருக்கிறார். ரூத்திடம் பாவம் என்று சொல்ல எதுவும் இல்லை. அவள் மோவாபியப் பெண், அவ்வளவுதான். ‘உரியாவின் மனைவி’ என்ற தொடரில் குற்றம் யாருடையது? கொல்லப்பட்ட கணவனின் பெயரைச் சொல்லி, பட்டியலின் நட்சத்திரமான தாவீதின் நெற்றியில் அவன் செய்ததை எழுதிவைக்கிறார் மத்தேயு. எங்கள் கல்வெட்டு ஒன்றில், சங்கக்கடை மனேச்சராக இருந்த தாத்தாவின் பெயருக்கு அருகே, அவரால் காணி இழந்தவரின் பெயரை அச்சடித்தது போன்றது இது.

ரூத்தின் விடயத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. மோவாபியர் பத்தாம் தலைமுறைவரை சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் 23ஆம் அதிகாரத்தில் சட்டம் உண்டு. ரூத்தின் கதை முடியும்போது ஒரு குட்டிப் பட்டியல் வருகிறது: பேரேசில் தொடங்கித் தாவீதில் முடியும் பத்துத் தலைமுறை. ரூத்தின் பூட்டன்தான் தாவீது. பத்துத் தலைமுறை வாசலில் நில் என்ற சட்டத்துக்கு எதிரே, பத்துப் பெயர்களில் பதில் எழுதப்பட்டிருக்கிறது. வாதம் இல்லை, கோபம் இல்லை, பெயர்கள் மட்டும்தான்.

இங்கே எங்கள் ஊர்ச் சட்டத்துக்கு வருகிறேன். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. முன்னோரிடமிருந்து வருவது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்தனுப்புவது சீதனம். கலியாணத்தின் பின் சேர்ந்து வாழும்போது உழைத்துச் சேர்ப்பது தேடியதேட்டம். இன்றும் வடக்கில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு இந்த மூன்று சொற்களும் இல்லாமல் வேலை செய்ய முடியாது. குடும்பத்தின் நம்பிக்கையை நாங்கள் எந்தத் தலைப்பின் கீழ் எழுதிவைத்திருக்கிறோம் என்று கேட்டால், சந்தேகமில்லாமல் முதுசம் என்றுதான் பதில். ‘நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்’, ‘நாங்கள் பரம்பரைச் சைவர்’. மல்வேர்னில் நீல்சன் வீதியை ஒட்டிய வீடுகளில் பெற்றோர் கூடினால் எழும் முறைப்பாடும் இதே கணக்கில்தான் வருகிறது: பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை, சேர்ச்சுக்கு வருவதில்லை, முதுசத்தை அழிக்கிறார்கள்.

மத்தேயுவின் பட்டியலில் நம்பிக்கை முதுசமாகக் கைமாறுகிறதா? அரசர்களைப் பாருங்கள். எசேக்கியா நல்ல அரசன். அவன் மகன் மனாசே, இராசாக்களின் புத்தகம் சொல்கிறபடி, எல்லாரிலும் கெட்டவன். மனாசேயின் மகன் ஆமோன் தகப்பனைப் போலவே. ஆமோனின் மகன் யோசியா மறுபடியும் நல்லவன். நல்ல தகப்பனுக்குக் கெட்ட மகன், கெட்ட தகப்பனுக்கு நல்ல மகன். காணி கைமாறுவது போல இது கைமாறவில்லை. மாறாக, வெளியிலிருந்து வந்தவர்கள்தான் அதைத் தேடிப் பெறுகிறார்கள். ராகாப் தன் ஊரை விட்டு வந்தாள். ரூத் வழியில் நின்று, மாமியாரோடு வருவதா திரும்புவதா என்று முடிவெடுத்தாள். அவர்கள் கொண்டுவந்தது தேடியதேட்டம். பிறகு வந்தவர்கள் அதற்கு முதுசம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்திலும் கதை வேறல்ல. 1619இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானமும் கலியாணமும் பதிவாகாவிட்டால் சொத்துரிமையில் சிக்கல். ஆகவே பள்ளிக்கூடத் தோம்பில் ஒரு பெயரும் வீட்டில் இன்னொரு பெயருமாக ஊர் வாழ்ந்தது. ஆங்கிலேயர் வந்து கட்டாயம் போனதும் பெரும்பாலானோர் தோம்புப் பெயரை உதறிவிட்டனர். பிறகு அமெரிக்க மிசன் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, அடுத்த ஆண்டு உடுவில் பெண்கள் பாடசாலை. படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டது. சதாசிவம்பிள்ளை (1820–1896) ஜே. ஆர். ஆணல்ட் ஆனது அப்படித்தான். அவர் உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதி, மறந்துபோயிருக்கக்கூடிய எத்தனையோ தமிழ்ப் புலவர்களுக்கு ஒரு பட்டியலில் இடம் கொடுத்தார். வேறு நாட்டு மனிதர் ஒருவரின் பெயரைச் சுமந்தவர் எங்கள் புலவர் பரம்பரையை எழுதிவைத்தார் என்பதை, ‘பரம்பரை’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிற எவரும் யோசித்துப் பார்க்கவேண்டும். சைவக் குடும்பமோ கிறிஸ்தவக் குடும்பமோ, நாலு தலைமுறை மேலே ஏறினால் பெயரும் நம்பிக்கையும் திரும்புகிற ஒரு முடக்கு வராமல் இருக்காது. எங்கள் வம்ச விருட்சங்கள் பெரும்பாலும் அந்த முடக்குக்கு முன்னாலேயே நின்றுவிடுகின்றன.

மத்தேயு நின்றுவிடவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கதையே இல்லாத பகுதி. சொரொபாபேலுக்கும் யோசேப்புக்கும் இடையில் ஒன்பது பெயர்கள்: அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத், எலெயாசார், மாத்தான், யாக்கோபு. வேதாகமத்தில் இந்த ஒன்பது பேரைப் பற்றி வேறெங்கும் ஒரு வரி கிடையாது. ஏறக்குறைய ஐந்நூறு வருடங்களை இவர்கள் ஒன்பது பேரும் தாங்குகிறார்கள். அந்த இடைவெளிக்கு லூக்கா 18 பெயர்கள் தருகிறார். அவர்களிலும் பெரும்பாலானோர் அப்படியே பெயர் மாத்திரமானவர்கள். பாரசீகர் வந்தார்கள், கிரேக்கர் வந்தார்கள், உரோமர் வந்தார்கள். அரச குலம் என்பது பேச்சளவில்கூட மிஞ்சவில்லை. கடைசியில் வருகிறவன் தச்சன். இந்தக் காலம் முழுவதும் எலியூதும் மாத்தானும் என்ன செய்தார்கள்? உழைத்தார்கள், வரி கட்டினார்கள், பிள்ளை வளர்த்தார்கள் என்று ஊகிக்கலாம். பக்திமானா இல்லையா என்ற குறிப்புக்கூட இல்லை. பட்டியல் அவர்களிடம் சான்றிதழ் கேட்கவில்லை. ஆளை இடத்தில் வைத்துவிட்டு நகர்கிறது.

எங்கள் கல்வெட்டில் இது நடக்காது. சமாதான நீதவான், இளைப்பாறிய அதிபர், பொறியியலாளர், கணக்காளர், இன்ன பல்கலைக்கழகம் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வால் வேண்டும். வால் இல்லாதவர் ‘கனடா’ என்ற ஒரு சொல்லால் சமாளிக்கப்படுவார்.

மத்தேயுவை அளவுக்கு மீறிப் புகழவும் தேவையில்லை. நாற்பது ஆண்களுக்கு நாலு பெண்கள், ஐந்தாவதாக மரியாள்; லூக்காவில் அதுவும் இல்லை. எங்களுக்கு இன்னும் நெருங்கிவருகிற இடங்கள் பழைய ஏற்பாட்டில், யாரும் வாசிக்காத நாளாகமம் முதல் புத்தகத்தின் ஒன்பது அதிகாரப் பட்டியலுக்குள் புதைந்திருக்கின்றன. இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, ஏழாம் அதிகாரத்தில். எப்பிராயீமின் பிள்ளைகள் எத்சேரும் எலியாத்தும் காத் ஊராரால் கொல்லப்படுகிறார்கள். மாடு பிடிக்கப்போன இடத்தில் நடந்த சாவு. தகப்பன் பல நாள் துக்கம் காக்கிறான். சகோதரர்கள் ஆறுதல் சொல்ல வருகிறார்கள். பிறகு ஒரு மகன் பிறக்கிறான். வீட்டில் நேர்ந்த தீங்கே அவனுக்குப் பெரீயா என்ற பெயராகிறது. அதற்கு அடுத்த வசனத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சேராள் என்ற மகள். அவள் கீழ் பெத்தொரோனையும் மேல் பெத்தொரோனையும் ஊசேன்சேராவையும் கட்டினவள். ஒரு பெண் ஊர்களைக் கட்டினாள் என்று சொல்லப்படுவது வேதாகமத்தில் மிக அரிது. அவள் யாரை மணந்தாள், எத்தனை பிள்ளை பெற்றாள் என்று ஒன்றும் இல்லை. ஆண்பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், மகள் மூன்று ஊர் கட்டினாள் என்ற ஒரு செய்தியை, இன்னார் இன்னாரைப் பெற்றான் என்ற நெரிசலுக்குள் யாரோ ஒரு எழுத்தர் செருகிவைத்திருக்கிறார். 1983க்கும் 2009க்கும் இடையில் எங்கள் வீடுகளில் நடந்ததை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. மகன்மார் போய்விட்ட வீடுகளில் தாதி வேலை செய்து, பேக்கரியில் இரவு வேலை செய்து, தம்பி தங்கைகளை ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் பிறகு கனடாவுக்கும் எடுத்துவிட்ட அக்காமார் எத்தனை பேர்! அவர்களில் பலர் கலியாணம் செய்யவில்லை. வம்ச விருட்சத்தில் கலியாணம் செய்யாத பெண்ணுக்குக் கீழே கிளை இல்லை. ஆகவே அவள் ஒரு முனையில் வெட்டி நிறுத்திய கொப்பாக நிற்பாள். சேராளுக்கும் கிளை இல்லை. அவள் பெயரில் ஒரு ஊர் இருக்கிறது.

இரண்டாவது, இரண்டாம் அதிகாரத்தில். சேசானுக்கு ஆண்பிள்ளைகள் இல்லை, பெண்பிள்ளைகள் மாத்திரம். அவனிடம் யர்கா என்ற எகிப்திய வேலைக்காரன் இருந்தான். சேசான் தன் மகளை யர்காவுக்குக் கட்டிக்கொடுத்தான். அந்த இடத்தில் மகளின் பெயர் இல்லை, அதை மறைக்கவேண்டாம். ஆனால் யர்காவின் பெயர் இருக்கிறது, அவன் நாடு இருக்கிறது, அவன் நிலை இருக்கிறது. அதிலிருந்து அத்தாய் தொடங்கி எலிஷாமா வரை பதின்மூன்று தலைமுறை இறங்குகிறது. யூதா கோத்திரத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில், அடிமைநிலையில் இருந்த அந்நியன் ஒருவன் ஒரு முழுக் கிளைக்குத் தலைவன். பிற்காலத்தவர் யாரும் இதைத் திருத்தி எழுதவில்லை.

முதுசமும் தேடியதேட்டமும் சொல்லும் அதே தேசவழமையில் அடிமைகளுக்கும் ஒரு பகுதி உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். ஆகவே யர்கா எங்களுக்குத் தூரத்து மனிதன் இல்லை. அவனைப் போன்றவர்கள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். எங்கள் பட்டியல்களில் மட்டும்தான் இல்லை.

இங்கே என் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் பெரியம்மா ஒருவர் மல்வேர்னில் காலமானபோது ஞாபகார்த்த மலரைப் பக்கம் அமைக்கும் வேலை, கணினித் துறையில் இருப்பதால், என்னிடம் வந்தது. மல்வேர்ன், இலண்டன், பாரிஸ், மெல்பேர்ன் எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கூடி வம்ச விருட்சத்தைத் திருத்தியது. சிக்கல் இரண்டு இடத்தில். 2009 மே மாதத்துக்குப் பிறகு தகவல் இல்லாத மகனை எப்படி எழுதுவது? ‘அமரர்’ என்று போடக்கூடாது என்று பெரியம்மா சாகும்வரை சொல்லிவந்தார். பெயருக்கு முன்னால் எதுவும் இல்லாமல், மற்றப் பிள்ளைகளின் வரிசையில் வயதுப்படி எழுதினோம். அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. மற்றச் சிக்கல் இரண்டாவது மகளின் கணவர். கலியாணம் நடந்தபோதே பேச்சு நின்றுபோன சாதி வித்தியாசம். அவர் பெயர் போகட்டும், ஊர் வேண்டாம் என்று மூத்தவர் ஒருவர் முடிவாகச் சொன்னார். “தம்பி, ஊரைப் போட்டா வாசிக்கிற சனத்துக்கு விளங்கும். உதெல்லாம் இப்ப ஏன்? இடமும் காணாது.” நான் மறுத்து எழுதியது இன்னும் அந்தக் குழுவில் கிடக்கிறது. மலர் ஊர் இல்லாமல்தான் அச்சாகி வந்தது.

அதற்குப் பல மாதம் கழித்து, பதினாறு வயது மகள் பள்ளிக்கூட வேலைக்காக அந்த விருட்சத்தைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வம்சாவளி மென்பொருள்கள் பயன்படுத்தும் பொதுக் கோப்புவடிவத்தை 1980களில் உருவாக்கியது மோர்மன் திருச்சபை. இறந்த முன்னோரையும் தங்கள் நம்பிக்கைக்குள் சேர்க்கவேண்டும் என்பது அவர்களின் சமயக் கடமை. அந்த வடிவத்தில் ஒவ்வொருவருக்கும் பிறந்த இடத்துக்கு ஒரு கட்டம் உண்டு. மகள் கேட்டாள்: “அப்பா, எல்லாருக்கும் ஊர் இருக்கு. இவருக்கு மட்டும் ஏன் இல்லை? இவர் எங்க பிறந்தவர்?” அவளுக்கு யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர்களுக்குள் இருக்கும் குறிப்பு தெரியாது. ஆனால் வெற்றுக் கட்டம் எதையோ மறைக்கிறது என்பது தெரிந்துவிட்டது. நான் ஊரைச் சொன்னேன். ஏன் விடப்பட்டது என்பதையும் சொன்னேன். “இதுதானா உங்கட சேர்ச் குடும்பம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, ஊரைத் தட்டச்சு செய்தாள்.

இரண்டாம் தலைமுறை நம்பிக்கையை விட்டுப்போகிறது என்று கவலைப்படுகிறவர்கள் இந்தக் கேள்வியின் எடையைப் பார்க்கவேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுவது துப்புரவாக்கப்பட்ட பட்டியல். அதில் எல்லாரும் படித்தவர்கள், எல்லாரும் பக்தியுள்ளவர்கள், எல்லாரும் ஒரே ஊர். அப்படியான முதுசத்தை ஏற்பதற்கு ஒரு வழிதான் உண்டு, அப்படியே வைத்திருப்பது. சந்தேகப்பட்டவர், மதம் மாறியவர், திரும்பி வந்தவர், வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர் யாருமே அதில் இல்லை என்றால், தன்னைப் போன்ற ஒருவரைப் பிள்ளை அங்கே காணப்போவதில்லை. மத்தேயுவின் பட்டியலைக் கேட்கும் பிள்ளை மோவாபியப் பெண்ணையும், கெட்ட மகனையும், ஐந்நூறு வருடம் ஒன்றும் சொல்லாமல் இருந்த ஒன்பது பேரையும் காணும்.

யோசேப்புக்கு வருகிறேன். முழுப் பட்டியலும் அவரை நோக்கி இறங்கி, அவரிடத்தில் வந்து அறுந்துபோகிறது. சுவிசேஷங்களில் அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வருவதில்லை. அந்த மௌன மனிதரை வளன் என்று தமிழாக்கித் தலைவனாக்கி 3,615 பாடல்களில் காவியம் செய்தார் வீரமாமுனிவர். தேம்பாவணி முடிந்தது 1726இல். தமிழில் யோசேப்புக்குக் கிடைத்த இடம் பெரியது. ஆனால் காவியத் தலைவனுக்குரிய சிறப்புகளையெல்லாம் வளனுக்கு அணிவிக்கும்போது, மத்தேயுவின் யோசேப்பிடம் இருந்த ஒரு கூர்மை மழுங்கிப்போகிறது என்பது என் எண்ணம். மத்தேயுவில் அவர் செய்கிற முக்கியமான காரியம் ஒன்றுதான். தான் பெறாத பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார். சட்டப்படி அந்தச் செயலால்தான் நாற்பது பெயர்களும் அந்தப் பிள்ளையோடு இணைகின்றன. தாவீதின் வம்சம் என்ற பெருமை, இரத்தம் கொடுக்காத ஒருவரின் கையால் போய்ச்சேர்கிறது. இந்தக் கடைசிக் கண்ணியைப் பார்த்த பிறகு, மேலே உள்ள 39 ‘பெற்றான்’களையும் வேறு விதமாக வாசிக்கவேண்டியிருக்கிறது. அந்த வரிசையைத் தாங்கியது இரத்தம் என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தோம். ஒவ்வொரு கண்ணியிலும் யாரோ ஒருவர் ஒரு பிள்ளையை இது எங்களுடையது என்று ஏற்றுக்கொண்டதே அதைத் தாங்கியிருக்கிறது.

கல்வெட்டு எழுதுகிறவர்கள் மத்தேயுவிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது இந்த ஏற்பைத்தான். அதற்குப் புதுவடிவம் எதுவும் தேவையில்லை. இருக்கிற கட்டங்களை நிரப்பினால் போதும். மருமகனின் ஊரை எழுதலாம். கலியாணம் செய்யாத அக்காவின் பெயருக்குக் கீழே, அவர் கனடாவுக்கு எடுத்துவிட்டவர்களின் பெயர்களை எழுதலாம். முடக்குக்கு மேலே ஏறி, தோம்பில் இருந்த பெயரையும் வீட்டில் கூப்பிட்ட பெயரையும் சேர்த்து எழுதலாம். பக்கம் கொஞ்சம் கூடும். அச்சகத்தில் இன்னும் நாலு பக்கம் என்று சொன்னால் போதும். பெரியம்மாவின் மலரில் இல்லாத அந்த ஊர் மகளின் கோப்பில் இருக்கிறது. அடுத்த மலருக்குப் பட்டியலை அந்தக் கோப்பிலிருந்தே எடுக்கப்போகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டேன். இதுவரை ஏழு பேர் பார்த்திருக்கிறார்கள். மூத்தவர் இன்னும் பதில் போடவில்லை.